இருபது நிமிடம் அசையக்கூடாது

எவலினின் அம்மா மகதலேனாவுக்கு வலது தோளில் வலி வந்து நான்கு மாதம் ஆகிறது. அந்த வலி அம்மாவைவிட எவலினைத்தான் அதிகம் படுத்தியது என்றால் நம்புவீர்களா?

உண்மை அதுதான். அம்மாவுக்கு டோபிக் கடையில் துணி தேய்க்கும் வேலை. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும், பள்ளியில் யார் யாரோடு சண்டை என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் கால் கழுவவே போவார். இப்போது வந்த வேகத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். லோரி ஓட்டும் அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார்.

டெங்கிலிலிருந்து சாலாக் செலாத்தானுக்குக் குடிவந்த பிறகு, புதுப் பள்ளியில் எவலினுக்கு ஒரு தோழிகூட அமையவில்லை. இடைவேளையில் தனியாகத்தான் நாசி லெமாக் சோறு சாப்பிடுகிறாள். அதைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை. ஒருநாள் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் "வணக்கம்" என்றதும், பாவம், இவளும் பதில் வணக்கம் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமைகளில் அம்மா அக்குபங்சர் சிகிச்சைக்குப் போவார். கடைவரிசையின் மாடியில் டாக்டர் லிம் புதிதாகத் திறந்த கிளினிக் அது. டாக்டர் இளம்பெண். தலைமுடிபோல மெல்லிய ஊசிகளை உடம்பில் குறிப்பிட்ட இடங்களில் குத்தி வைப்பார். இருபது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதுவரை எவலின் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மீன்தொட்டியைப் பார்ப்பாள். அந்த மீனும் இவளைக் கண்டால் திரும்பிக்கொள்ளும்.

நான்காவது சனிக்கிழமை, ஊசி போடும் முன், எவலினும் பக்கத்தில் நிற்க, டாக்டர் மலாயில் கேட்டார்.

"போன வாரத்தைவிட வலி குறைஞ்சிருக்கா, ஆன்டி?"

"ஓக்கே டாக்டர், நல்ல ஓக்கே!" என்றார் அம்மா.

"போன தடவ ஊசி போட்டப்ப கனமா, மரத்துப்போற மாதிரி தெரிஞ்சுச்சா?"

"எல்லாம் ஓக்கே!"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா இனிமே வர வேண்டியதில்ல. சிகிச்சை முடிஞ்சுது."

அம்மாவும் தலையாட்டிவிட்டார்!

எவலினுக்குப் பகீரென்றது. அன்று காலைதான், மேல்தட்டிலிருந்த மைலோ டின்னை எடுக்க முடியாமல் அம்மா கண்கலங்கி நின்றார். எவலின் அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"ஏம்மா பொய் சொல்றீங்க?"

"சும்மா இரு லா! பாவம், புதுசா கிளினிக் திறந்திருக்கு இந்தப் பொண்ணு. வலி போகலன்னு சொன்னா, அதோட கைராசியக் குறை சொன்ன மாதிரி ஆயிடும். மனசு ஒடிஞ்சிடும்."

நல்ல மனசுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அந்த நல்ல மனசு தோள்வலியைக் குணப்படுத்துமா? இனி என்றைக்கும் அம்மா சுவரைப் பார்த்தே படுத்திருப்பாரோ? பெரியவர்கள் பேச்சில் குறுக்கிட்டால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்!

"டாக்டர், அம்மாவுக்கு இன்னும் வலிக்குது," என்று மலாயில் சொல்லிவிட்டாள். தன் வலது கையைத் தோள் உயரத்தில் நிறுத்திக் காட்டினாள். "இதுக்கு மேல கை போகாது. சட்டை போடக்கூட கஷ்டப்படுறாங்க."

அம்மா முறைத்த முறைப்பில் எவலினுக்கு வியர்த்தது.

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் அருகில் உட்கார்ந்தார்.

"ஆன்டி, நீங்க ஓக்கே ஓக்கேன்னு சொன்னதாலதான் வாராவாரம் ஊசியைக் குறைச்சுக்கிட்டு வந்தேன். எங்க வலிக்குது, எங்க கனமா இருக்குன்னு நீங்க சொன்னாத்தானே, சரியான இடத்துல குத்தியிருக்கேனான்னு எனக்குத் தெரியும்? பாதி வைத்தியம் உங்க வாயிலதான் இருக்கு!"

அம்மா அசடு வழியச் சிரித்தார்.

அன்று எவலினையும் திரைக்குள் வரச் சொன்னார் டாக்டர். புதுப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் ஊசியை அம்மாவின் முழங்காலுக்குக் கீழே குத்தினார்.

"தோள்வலிக்குக் கால்லயா?" என்றாள் எவலின்.

"தோளுக்கு உதவுற ஓர் இடம் இங்கயும் இருக்கு," என்று சிரித்தார் டாக்டர்.

அம்மாவும் இம்முறை வாயைத் திறந்தார். "இங்க கனமா இருக்கு... ஆ, தோள்ல அங்க இல்ல டாக்டர், கொஞ்சம் பின்னால."

டாக்டர் கவனமாகக் கேட்டு ஊசிகளை வைத்தார். "ஒரே நாள்ல வலி போயிடாது. அடுத்த சனிக்கிழமையும் வாங்க. இப்ப இருபது நிமிஷம் அசையக்கூடாது," என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டுப் போனார்.

"ஏன்டி என் மானத்த வாங்குன?" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை.

எவலின் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டா, எனக்குப் பேச யாருமே இல்லம்மா."

அம்மாவுக்கு எழுந்து மகளைக் கட்டிக்கொள்ள வழியில்லை. ஊசி இல்லாத இடது கையை மெல்ல நீட்டினார். எவலின் அதைப் பற்றிக்கொண்டாள்.

"சொல்லு. இப்ப நான் எங்கயும் ஓட முடியாது. ஸ்கூல்ல யாரோட சாப்பிடுற?"

"யாரோடயும் இல்ல."

சொல்லும்போதே அழுகை வந்தது. அழுது முடித்ததும் பேச்சு வந்தது. இடைவேளையின் காலி பெஞ்ச், இன்னும் 'புதுப் பொண்ணு' என்றே கூப்பிடும் வகுப்பு மாணவி மாதவி, செய்தி வாசிப்பவருக்குச் சொன்ன வணக்கம் என எல்லாம் வந்தன. வணக்கக் கதைக்கு அம்மா குலுங்கிச் சிரிக்கப் பார்த்து, ஊசி நினைவு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அவர் கண்களும் நனைந்தன.

திரை விலகியது.

"இருபது நிமிஷம் ஆச்சு, ஆன்டி. ஊசியை எடுத்துடலாமா?"

"வேணாம் டாக்டர்," என்றார் அம்மா. "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும். பிள்ள பேசி முடிக்கல."