பின் இருக்கையில் அசைவு

தார்ப்பாயை உருவியதும் அதன் மடிப்புகளிலிருந்து வெள்ளைத் தூசி பொலபொலவென்று கொட்டியது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எதை உதறினாலும் வெள்ளையாகத்தான் கொட்டும். மதிவதனி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பதினோரு மாதமாக வெயில் படாத நீலத்தோடு அந்த மின்சாரக் கார் சூளைக் கொட்டகையின் ஓரத்தில் நின்றது.

"பேட்டரி போயிடுச்சுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாருங்க."

நெய்வேலியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் அன்புச்செல்வன் முன்பக்க மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் சிரித்தான்.

"பேட்டரி ஜம்முனு இருக்குதுக்கா. யாரோ வயர கழட்டி, பத்திரமா டேப்பு சுத்தி வச்சிருக்காங்க. அண்ணனுக்கு ஒங்கள ஓட்ட வுட பயமோ என்னமோ."

அவளும் சிரித்துவிட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம். ஸ்ரீமுஷ்ணத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் இடிபட்டுப் போய் வருகிறாள். பொம்மை லோடுடன் கடலூர் போயிருந்த திருமால் திரும்பி வருவதற்குள் வண்டியைத் தயார்படுத்தி அவனை அசத்த வேண்டும் என்பது அவள் எண்ணம்.

திருமால் அசந்துதான் போனான். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு தொறந்தது?"

சொன்னாள். அவன் மறுபடியும் அதையே கேட்டான். பிறகு கை கழுவப் போனான்.

அன்று மாலை சூளை ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே அடுக்கியிருந்த பொம்மைகளின் மேல்பூச்சு குளிர்ந்து விரிசல் விடும்போதெல்லாம் மெல்லிய கண்ணாடிச் சத்தம் வரும். டிங். சற்றுப் பொறுத்து இன்னொரு டிங். அதைக் கேட்டால் அவளுக்கு முதன்முதலில் இங்கே வந்த நாள் நினைவுக்கு வரும். போன கத்திரியில், சொல்லாமல் கொள்ளாமல் அப்பா அவளையும் அழைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தொழிலைப் பார்க்க வந்திருந்தார். அன்றுதான் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பாரதி என்ற பெண் வெயில் தாளாமல் கொட்டகைக்குப் பின்னால் விழுந்து செத்துப்போனாள். மாலையில் போனில் சேதி சொல்லும்போது திருமால் விம்மி விம்மி அழுதான். சகுனம் சரியில்லை என்று அப்பா பின்வாங்கப் பார்த்தார். வேலைக்கு வந்த பெண்ணுக்காக இப்படி அழுகிறவன் தன்னை எப்படி வைத்துக்கொள்வான் என்று நினைத்து, மதிவதனிதான் பிடிவாதமாகச் சம்மதம் சொன்னாள்.

பாரதி வரைந்த பொம்மைகள் இன்னும் மேல் அலமாரியில் இருக்கின்றன. திருமால் அவற்றை விற்க விடுவதில்லை. அதற்காகவும் அவனை அவளுக்குப் பிடிக்கும்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக் காவலாளி குருமூர்த்தி ஓடி வந்தார்.

"டீச்சர், ஒங்க வண்டி ஊரக் கூட்டுது! பூன கீன மாட்டிக்கிச்சா பாருங்க."

பூனை இல்லை. ஒன்றுமே இல்லை. கதவைத் திறந்ததும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. ஈரக் களிமண்.

காரோடு இணைத்திருந்த கைப்பேசியில் ஒரு செய்தி கிடந்தது.

'வண்டிக்குள் அசைவு: பின் இருக்கை. பகல் 1.10.'

அடுத்த நாளும் வந்தது. அதே நேரம். அதே இருக்கை.

அன்புச்செல்வனுக்குப் போன் செய்தாள்.

"அலாரம் ரொம்ப ரோஷமா இருக்குதுக்கா. ஈ பறந்தாகூட கத்தும். சோதிச்சுப் பாத்து கொறச்சிக்கலாம். கண்ணாடிய நாலு விரல் எறக்கிவுட்டு, பூட்டிட்டு, ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க. அப்புறம் கைய உள்ள வுட்டு ஆட்டுங்க. போன்ல அதிகம், நடுத்தரம், குறைவு, கீழ நிறுத்தம்னு நாலு இருக்கும். குறைவுல வச்சா, கையக் கால ஒதறினாத்தான் கத்தும்."

"உள்ள உக்காந்து பாக்கலாமா?"

"அய்யய்யோ, வேணாங்க்கா. வெளிய இருந்து பூட்டிட்டா உள்ள இருந்து தொறக்க வராது. ஆரன்கூட அடிக்காது. திருடன் கண்ணாடிய ஒடச்சி கைய வுட்டுத் தொறந்துடக் கூடாதுன்னு அப்புடி வச்சிருக்கான்."

சனிக்கிழமை வீட்டு வாசலில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அதிகத்தில் விரலை அசைத்ததற்கே அலறியது. நடுத்தரத்தில் கையை வீச வேண்டியிருந்தது. குறைவில் தோள்வரை உள்ளே விட்டு உதறிய பிறகுதான் வாயைத் திறந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. குறைவிலேயே வைத்துவிட்டு, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிப் பூட்டிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

தெருவில் அனல் அசைந்தது. காக்கை கூடக் கரையவில்லை.

ஒன்று பத்துக்கு வண்டி அலறியது.

கையைக் காலை உதறினால்தான் கத்தும் என்று அன்புச்செல்வன் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினாள்; வண்டிக்குள் யாரும் இல்லை.

"எவனாவது திருட்டுப் பய ரிமோட்ட வச்சிக்கிட்டு நோட்டம் பாக்கறான்," என்றான் திருமால். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை. "பேசாம வித்துடலாம் மதி."

திருட்டு என்றால் இந்தப் பக்கத்து ஆட்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை மணவாளநல்லூர் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். சாமிக்கு மனு எழுதி முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது நம்பிக்கை. வண்டி எண்ணைத் தெளிவாக எழுதி, அதன் கீழே, 'என் காரில் எனக்குத் தெரியாமல் நடப்பது என்ன என்று எனக்குக் காட்ட வேண்டும்' என்று முடித்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது திருமாலின் கையிலிருந்த பீங்கான் கோப்பை தரையில் விழுந்து உடைந்தது.

"வண்டி நம்பர எழுதினியா?"

"நம்பர் இல்லாம எழுதினா சாமி எந்த வண்டின்னு தேடும்?"

"வாபஸ் வாங்கிடு. இன்னிக்கே போயி வாங்கிடு."

"ஏங்க, திருடனுக்கு நீங்க என்ன வக்கீலா?"

அவன் சிரிக்கவில்லை. குனிந்து சில்லுகளைப் பொறுக்கினான். விரலில் ரத்தம் வந்ததைக் கூடக் கவனிக்கவில்லை. சாமிக்குப் பயப்படுகிற மனுஷன் என்று அவள் அப்போதும் நல்லபடியாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

"வாபஸ் வாங்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆள உள்ள வச்சி சோதிச்சுப் பாத்துடுவோம். கண்ணாடி எறங்கியிருக்கும், நான் வெளிய நிப்பேன். ரெண்டே நிமிஷம்."

பேட்டைக்கு விடுமுறை. சூளை அணைந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கொட்டகைக்குள் பாதி இருட்டு. வாசலில் மட்டும் வெள்ளை வெயில் பாளமாக விழுந்திருந்தது. காரைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தாள்.

"பின்னாடி உக்காருங்க. பின் சீட்டுன்னுதான வருது."

"முன்னாடியே உக்காந்துக்கறேன்."

"ஏன்?"

"முன்னாடியே உக்காந்துக்கறேன் மதி."

கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டுப் பூட்டினாள். அதிகத்தில் வைத்தாள். ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

"இப்ப கைய ஆட்டுங்க."

ஆட்டினான். சத்தமில்லை.

"நல்லா!"

இரண்டு கைகளையும் வீசினான். இருக்கையில் எம்பி எம்பிக் குதித்தான். கார் மூச்சுவிடவில்லை. அவள் கைப்பேசியைப் பார்த்தாள்.

'முன் இருக்கை: யாரும் இல்லை. பின் இருக்கை: அசைவு.'

மணி ஒன்று பத்து.

அவள் விரல் படாமலேயே திரையில் இருந்த குறி கீழே இறங்கியது. நடுத்தரம். குறைவு. நிறுத்தம்.

அதன் அடியில் ஒரு பழைய பதிவு தானாகத் திறந்தது.

'மே 9. பகல் 1.10. உள் அசைவு அலாரம்: நிறுத்தப்பட்டது.'

போன வருடத்து மே ஒன்பது. அவள் அப்பாவோடு இங்கே வந்த நாள்.

"மதி, கதவத் தொற."

அவள் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"மதி! பின்னாடி... பின்னாடி ஏதோ..."

பின் கண்ணாடியில் கீழிருந்து மேலாக ஆவி படர்ந்தது. யாரோ படுத்தபடி மூச்சுவிடுவதைப் போல. ஈரக் களிமண் வாசனை இடுக்கு வழியாக வெளியே வந்தது.

திருமால் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாண மோதிரம் போட்ட விரலால் கண்ணாடியைத் தட்டினான்.

டிங். டிங்.

மதிவதனி சூளையைத் திரும்பிப் பார்த்தாள். அது நாலைந்து நாளாக ஆறிக் கிடந்தது.

டிங்.

அன்று அவள் இதே காரின் மேல் சாய்ந்துதான் சர்பத் குடித்தாள். முதுகுக்குப் பின்னால் இந்தச் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, மெதுவாக. "அது என்னங்க சத்தம்?" வெட்கத்தோடு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தையே அதுதான். அவன் அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தான். "சூளை ஆறுதுங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

அடங்கிவிட்டது.

அவள் இடுக்கின் அருகே குனிந்தாள். கிசுகிசுத்தாள்.

"உள்ள யாரு இருந்தது?"

"கதவத் தொற, சொல்றேன்."

"யாரு இருந்தது?"

அவன் முகம் வியர்வையில் மினுங்கியது. "பாரதி. கட்டிக்கறேன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒங்கப்பா வண்டி திடீர்னு கேட்டுக்குள்ள வந்துடுச்சி. சாக்கப் போத்திக்கிட்டு பத்தே நிமிஷம் படுத்துக்கடின்னு சொன்னேன். அசைஞ்சா கத்திடுமேன்னு அலாரத்த நிறுத்தினேன். கண்ணாடில கறுப்புத் தாளு ஒட்டியிருந்துச்சி, யாருக்கும் தெரியாது. ஒங்கப்பா எழுந்திருக்கவே இல்ல மதி. சாப்புட்டாரு, கத பேசினாரு... நீங்க போனப்பறம் தொறந்தா, சூளை அனல்ல வெந்து கெடந்தா, தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால போட்டேன்."

"சத்தம் கேட்டுச்சே. நான் கேட்டேனே."

அவன் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தான்.

"நான் கேட்டப்ப அவ உசுரோட இருந்தா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவில் அவளுடைய எட்டு மாதமும் கரைந்தது. போனில் கேட்ட அந்த விம்மல், அலமாரிப் பொம்மைகள், பேட்டரி, எல்லாம். எந்த அழுகையை நம்பி அவள் கழுத்தை நீட்டினாளோ, அது துக்கத்தில் வந்த அழுகையே இல்லை.

மூன்றாவது முறை அவள் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் பின் கதவு திறந்தது. அகலமாக, நிதானமாக, ஒருவர் இறங்கும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு. அதன் பிறகே முன் கதவு.

திருமால் தரையில் விழுந்து இருமினான். அவள் தூக்கவில்லை. பழைய பதிவு இருந்த திரையைப் படமெடுத்துக்கொண்டாள். கார்ச் சாவியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.

"பிராத வாபஸ் வாங்கிடு மதி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒன் கால்ல வுழறேன்."

அவள் திரும்பவில்லை.

பேருந்து நிலையத்தில் சேத்தியாத்தோப்பு பஸ் புறப்படத் தயாராக நின்றது. சேத்தியாத்தோப்பில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பாரதியின் அம்மா விருத்தாம்பாள் பூ விற்கிறாள். கல்யாணத்துக்கு மாலை கட்டிக் கொடுத்ததே அவள்தான். 'எம் பொண்ணு பாக்கக் குடுத்து வைக்கல, நீயாவது நல்லா இரும்மா' என்று மதிவதனியின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அவளிடம் போய் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? தெரியவில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும். அதற்கடுத்து அவளையும் அழைத்துக்கொண்டு போலீசுக்கு.

ஜன்னலுக்கு அடுத்த இருக்கை கிடைத்தது. ஜன்னலோரம் காலியாகவே இருந்தது. நகர்ந்து உட்கார ஏனோ அவளுக்குத் தோன்றவில்லை. யாரும் அங்கே உட்காரவும் கேட்கவில்லை.

ஊரைத் தாண்டும்போது கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

'பின் இருக்கை: யாரும் இல்லை.'

இத்தனை நாளில் அந்தச் செய்தி அப்படி வந்ததே இல்லை. அவள் நீண்ட மூச்சு விட்டாள். வயல்கள் ஓடின. பஸ்ஸுக்குள் மல்லிகையும் வியர்வையும் டீசலும் கலந்த வாசனை. அதற்கு அடியில், மெல்ல மெல்ல, ஈரக் களிமண்.

டிங்.

அவள் அசையாமல் இருந்தாள்.

டிங். டிங்.

மூடியிருந்த ஜன்னல் கண்ணாடியிலிருந்து, வெகு அருகில், உள்பக்கமாக.

இந்த முறை அது என்ன சத்தம் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. காலி இருக்கையின் மேலாகக் கையை நீட்டி, கண்ணாடியை முழுவதும் தள்ளித் திறந்துவிட்டாள். வெள்ளாற்றுக் காற்று குப்பென்று உள்ளே வந்தது.

தள்ளிய கண்ணாடியில் ஐந்து விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன. களிமண் இன்னும் காயவில்லை.