உமாராணி ரிவர்ஸ் எடுத்த நாள்

கூடத்தில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டபோது உமாராணி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். யார் கையிலிருந்து விழுந்தது என்று எட்டிப் பார்க்கவே தேவையில்லை. நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் ஈசு என்ற உலகேஸ்வரியின் கையிலிருந்துதான். இந்த வாரத்தில் இது மூன்றாவது டம்ளர்.

"கையில குடுத்தத ஒழுங்காப் பிடிக்கத் தெரியுதா பாரு இவளுக்கு!" மாமியார் ரெங்கம்மாள் ஆரம்பித்துவிட்டாள். "அப்படியே ஒங்கம்மதாண்டி நீ… அதே நெதானம் கெட்ட கை!"

உமாராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு மட்டும் சண்டை வேண்டாம். பத்து மணிக்கு அவள் தென்காசி ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்க வேண்டும். கார் ஓட்டும் டெஸ்ட். ஐந்து மாதமாக மகளிர் குழுக் கூட்டம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பழகியது… இந்த ஒரு காலைப்பொழுது சத்தமில்லாமல் கழிந்துவிட்டால் போதும்!

கழியுமா? சிந்திய பாலைத் துடைக்கப் பழைய துணி தேடி ரெங்கம்மாள் அலமாரியைக் குடைந்தாள். துணியோடு ஒரு பிளாஸ்டிக் கவரும் வந்து விழுந்தது. அதற்குள் உமாராணியின் போட்டோ போட்ட எல்.எல்.ஆர். காகிதம்.

"ஏலே முத்துச்செல்வம்! இங்கன வந்து பாருல… ஒம் பொண்டாட்டி மறுபடியும் காரு ஓட்டப் போறாளாம்! இந்தத் தடவ யாரு காலை ஒடைக்கவோ!"

முத்துச்செல்வம் வந்தான். இருபது வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்று மேலகரத்து வீட்டுக்கு வந்தவன். காகிதத்தைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது.

"என்னட்டி இது?"

"இன்னைக்கு டெஸ்டு."

"ஒரு ஏழப் பொம்பள கால் போனது பத்தாதா ஒனக்கு? ஊர்ல நான் தலநிமிந்து நடக்கண்டாமா? ஒன் கைக்கு ஸ்டியரிங் ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்!"

வாசற்படியில் ஒருத்தன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். கொழுந்தன் குற்றாலிங்கம், ஆலங்குளம் ஸ்டேஷனில் போலீஸ்காரன். டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தான். உமாராணி அவனைத்தான் பார்த்தாள். சொல்லேன்ல… ஒரு வார்த்தை சொல்லேன்! அவன் கட்டிய லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். தலை நிமிரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. உமாராணி கார் பழக ஆரம்பித்து அன்றைக்கு நாலாவது நாள். சொல்லிக்கொடுத்தவன் குற்றாலிங்கம். முன்னால் போவதற்கே அவளுக்கு மூச்சு முட்டியது. கிளட்சை நினைத்தால் கியர் மறந்துபோகும். கியரை நினைத்தால் ஸ்டியரிங் தன் பாட்டுக்குப் போகும். மெயின் அருவி ரோட்டில் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். "எறங்குங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவன் இடம் மாறி உட்கார்ந்து, செல்போனைக் காதில் இடுக்கிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தான். வண்டிக்குப் பின்னால் ரோட்டோரத்தில் மங்குஸ்தான் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள் மாரித்தாய். வண்டி இடித்து அவள் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துபோனது.

குற்றாலிங்கம் போலீஸ் வேலைக்குத் தேர்வாகி வெரிஃபிகேஷனுக்குக் காத்திருந்த நேரம் அது. பெயரில் ஒரு கேஸ் விழுந்தால் வேலை போச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரெங்கம்மாள் மருமகளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "தாயி… நீ பழகப் போனவதான? நீ இடிச்சேன்னு சொன்னா எல்லாரும் நம்புவாவ. எம் புள்ள வாழ்க்கையக் குடு தாயி!"

எல்லாரும் நம்புவார்கள்! எவ்வளவு சரியாகச் சொன்னாள்! போலீஸ் நம்பியது, கோர்ட்டு நம்பி அபராதம் போட்டது, தெரு நம்பியது. சிலிகுரியிலிருந்து போனில் பேசிய புருஷன் அவர்களுக்கெல்லாம் முந்தி நம்பினான். தட்டை உடைப்பவள், நிலையில் இடித்துக்கொள்பவள், சைக்கிள்கூட ஓட்ட வராதவள்… அவள் இடிக்காமல் வேறு யார் இடிப்பார்கள்! பெரிய கொடுமை என்னவென்றால், பொய்யைச் சொல்லிக்கொடுத்த ரெங்கம்மாளே நாளாக நாளாக அதை நம்பிவிட்டாள். வீட்டில் எண்ணெய் சிந்தினாலும் மாரித்தாயின் கால் பேச்சுக்கு வந்துவிடும்.

"காகிதத்தக் குடுங்க" என்றாள் உமாராணி.

முத்துச்செல்வம் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ரெங்கம்மாளுக்குத் தெம்பு வந்துவிட்டது. பேத்தியின் பக்கம் திரும்பினாள்.

"பாத்துக்கிட்டியாட்டி? நாளைக்கு நீயும் ஒங்கம்ம மாதிரி ஒருத்தி காலை ஒடச்சிட்டு வந்து நிப்ப. கையி அப்படி!"

குழந்தை தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

அவ்வளவுதான். தோசைக் கரண்டி பறந்து போய்ச் சுவரில் மோதியது. கை தவறி விழவில்லை, உமாராணி எறிந்தாள்.

"நிறுத்துங்க அத்தை! என்னைய என்ன வேணாச் சொல்லுங்க… எம் புள்ள கையச் சொன்னிய, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்! மாரித்தாய் கால நானா ஒடச்சேன்? சொல்லுங்க, நானா ஒடச்சேன்? ஒங்க செல்லப் புள்ளதான ஒடச்சான்! அவன் காக்கி போடணும்னு எங்கால்ல வந்து விழுந்தியளே… மறந்துட்டியளா?"



"லிங்கம்… என்னலே சொல்லுதா இவ?" என்றான் முத்துச்செல்வம்.

குற்றாலிங்கம் வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் ரெங்கம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள். "அபாண்டம்! எம் புள்ள வேலைக்கு உலை வைக்கப் பாக்காளே, பாவி!"

குற்றாலிங்கம் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"செஞ்சத ஒத்துக்கிட மனசில்லாம தம்பி மேல பழி போடுதியா? சீ!" என்றான் முத்துச்செல்வம்.

அந்த 'சீ' உமாராணியின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. ஆனால் அவள் அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டிப்போயிருந்தது.

"நம்பாண்டாம். நம்புங்கன்னு ஒங்களை நான் கேக்கவும் இல்ல. அந்தக் காகிதத்தையும் நீங்களே வச்சுக்கிடுங்க, அது நகல்தான். அசலு டிரைவிங் ஸ்கூல்ல இருக்கு. ஏட்டி ஈசு, வா!"

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருப்பது தெரிந்தது. தெரிந்தால் என்ன? மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

தென்காசியில் பெண்களுக்குக் கார் பழக்கும் ஷெர்லின் டெஸ்ட் மைதானத்தில் காத்திருந்தாள். மகளை அவளருகில் நிறுத்தினாள் உமாராணி. இந்த ஐந்து மாதமும் ஷெர்லின் இல்லாவிட்டால் உமாராணி இரண்டாம் நாளே ஓடியிருப்பாள். முதல் வாரத்திலேயே வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு ஷெர்லின் கேட்டாள்: "அக்கா, சின்ன வயசுலயே பட்டன் போட, கயிறு கட்ட கஷ்டப்பட்டீங்களா? லெஃப்ட் ரைட் உடனே பிடிபடாதா?" உமாராணி திகைத்துப் போனாள். "என் தம்பியும் இப்படித்தான். டிஸ்பிராக்சியான்னு டாக்டர் சொன்னாரு. புத்தியில கோளாறு கிடையாது. மூளை சொல்லுத வேலைய கை காலு சேந்து செய்யுததுலதான் சிரமம். நான் டாக்டர் இல்லக்கா… ஆனா ஒங்களுக்கும் அதா இருக்குமோன்னு தோணுது. ஒரு தடவ போய்க் காட்டுங்க."

அன்றைக்குக் காருக்குள் உட்கார்ந்து உமாராணி குமுறிக் குமுறி அழுதாள். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, புகுந்த வீட்டில் வாங்கிய ஏச்சு… எல்லாமே ஒரு பெயர் தெரியாததற்கா? அதன் பிறகு ஷெர்லின் லெஃப்ட், ரைட் என்று சொல்வதையே விட்டுவிட்டாள். "என் பக்கம்", "உங்க பக்கம்". அவ்வளவுதான். இஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மட்டும் நூறு தடவை மிதிக்க வைத்தாள். அது படிந்த பிறகுதான் கியர். மற்றவர்கள் ஒரு மாதத்தில் படிப்பதை உமாராணி ஐந்து மாதத்தில் படித்தாள்; ஆனால் படித்தாள்.

பெயர் கூப்பிட்டார்கள். பக்கத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார்.

"லெஃப்ட்ல திருப்புங்க."

உமாராணி வலது பக்கம் திருப்பினாள்.

"லெஃப்ட்ன்னு சொன்னேன்மா!"

பழைய உமாராணி என்றால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அழுதிருப்பாள். இவள் பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்தினாள். "சார், லெஃப்ட் ரைட்டுன்னா எனக்கு ஒடனே பிடிபடாது. கையக் காட்டிச் சொல்லுங்க. தப்பாம செஞ்சிருவேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அதை ஒரு அந்நியரிடம் நிமிர்ந்து சொன்னாள்.  அவர் கையை நீட்டிக் காட்டினார். திருப்பினாள். அடுத்து ரிவர்ஸ் என்றார்.

அந்த நேரத்தில்தான் ஒரு பைக் மைதானத்து வேலியோரம் வந்து நின்றது. குற்றாலிங்கம் ஓட்ட, பின்னால் முத்துச்செல்வம். பெண்டாட்டியைத் தடுத்து இழுத்துப்போக வந்தவன், இறங்கியவன் இறங்கியபடியே நின்றான். இரண்டு வரிசைக் கம்புகளுக்கு நடுவே கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. மெதுவாக, ஒரு கம்பிலும் உரசாமல்.

"இவளுக்கு எப்பயிருந்து ரிவர்ஸ் தெரியும்?" பக்கத்தில் நின்ற ஷெர்லினிடம் கேட்டான்.

"இப்பத்தான் சார். என்கிட்ட வந்தப்ப ரிவர்ஸ் கியர் எங்க இருக்குன்னே தெரியாது. இதுக்கு மட்டும் ரெண்டு மாசம் ஆச்சு."

 மாரித்தாயை இடித்த காரின் பின் பம்பர் நசுங்கியிருந்ததை, அப்போது லீவில் வந்த முத்துச்செல்வமே பார்த்திருந்தான். வண்டி பின்னால் வந்துதான் இடித்தது. ரிவர்ஸ் கியரே தெரியாதவள், சீசன் கூட்டத்தில், நாலாம் நாள்…

"லிங்கம்… அன்னைக்கு வண்டிய யாருலே பின்னால எடுத்தா?"

குற்றாலிங்கம் பைக்கிலிருந்து இறங்கினான். "நாந்தாண்ணே… மைனி இல்ல… நாந்தான்!"

அண்ணன் விட்ட அறையில் அவன் தொப்பி தெறித்துப் போய் மண்ணில் விழுந்தது.

டெஸ்டில் தேறிவிட்டு உமாராணி இறங்கி வந்தாள். அண்ணன் தம்பி இரண்டு பேருமே அழுது நின்றதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"உமா… என்னைய மன்னிச்சிரு…"

"லிங்கம் பயந்தவன். அத்தை பெத்தவ. ரெண்டு பேருக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. ஒங்களுக்கு என்ன இருந்துச்சு?" அவள் குரல் உடையவில்லை. "இருவது வருஷம் லாரி ஓட்டுனவரு… ரிவர்ஸ் எப்படி எடுத்தே, யார் சொல்லிக் குடுத்தான்னு ஒரு கேள்வி… ஒரே ஒரு கேள்வி கேட்டியளா?"



"மைனி, நான் ஸ்டேஷன்ல உண்மைய எழுதிக் குடுத்துருதேன்" என்றான் குற்றாலிங்கம். "வேல போனாலும் போவட்டும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

"குடு. போன தடவ காப்பாத்துனேன்; இந்தத் தடவ தடுக்க மாட்டேன். அதுக்கு முந்தி மாரித்தாய் முன்னால போய் நில்லு. வண்டிய ஓட்டுனது யாருன்னு அவளுக்குத் தெரியும்லே! நான் அழுது கேட்டேங்கிற ஒரே காரணத்துக்காகத்தான் ரெண்டு வருஷமா வாயத் தொறக்காம நொண்டிக்கிட்டு நடக்கா."

வீட்டு வாசலில் பெரிய மகனின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ரெங்கம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து மருமகளின் காலைப் பிடிக்க வந்தாள்.

உமாராணி பின்னால் நகர்ந்தாள். "விழாதீங்க அத்தை. ஒரு தடவ விழுந்ததுக்கே நான் இவ்வளவு பட்டுட்டேன். எனக்கு ஒண்ணும் சொல்லாண்டாம். ஈசுக்கிட்டச் சொல்லுங்க."

ரெங்கம்மாள் பேத்தியைப் பார்த்தாள். "ஒங்கம்ம… ஒருத்தரையும் இடிக்கல தாயி. இடிச்சது ஒன் சித்தப்பன். பொய் சொல்ல வச்சது நான்…"

குழந்தை ஆச்சியின் அருகில் வந்தது. "அப்ப நீ ஏன் ஆச்சி அம்மாவ தெனமும் ஏசுன?"

ரெங்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்க அத்தை" என்றாள் உமாராணி. "அவ கேக்கால்ல!"

"அவ… திருப்பி ஏச மாட்டான்னு தெரியும் தாயி… அதனாலதான் ஏசுனேன்…"

இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத உண்மை அது. அதைக் கேட்ட பிறகுதான் உமாராணிக்கு அழுகை வந்தது. தரையில் கிடந்தவளைத் தூக்கி நிறுத்தித் தோளோடு அணைத்துக்கொண்டு, "இனிமே திருப்பி ஏசுவேன் அத்தை… நல்லாவே ஏசுவேன்!" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ரெங்கம்மாள், "ஏசு தாயி… ஏசு…" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.