முந்தி வந்த அஞ்சலி

"ஓட்டுப் போட்டியா செல்வி?"

ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார் என் கணவர் கிளெமென்ட். காலை ஐந்து மணி. ஆத்தூர் அணைக்கரையில் ஓடப் போகிறார்.

"விடியட்டும், போடுறேன். நாப்பதாயிரம் பேரு போட்டாச்சு. என் ஓட்டு எதுக்கு?"

"அம்புட்டும் பொய்யி. யாரோ கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க. இன்னைக்கு ராத்திரிப் பரிசு மேடையிலயே சொல்லிருவேன்."

'மக்கள் மனம் கவர்ந்த கபடி வீரர்!' திண்டுக்கல் யூடியூப் சேனல் ஒன்று நடத்திய போட்டி. ரசிகர் ஓட்டுதான் தீர்ப்பு. அவர்தான் முதலிடம்.

சிரித்தார். போனார். அவ்வளவுதான்.

ஆறேகால். ஓட்டுப் போட சேனலைத் திறந்தேன்.

மாலை போட்ட படம்!

'கிளெமென்ட்... கண்ணீர் அஞ்சலி! இன்று மாலை வரை ஓட்டளிக்கலாம்.'

அவருக்கு போன் அடித்தேன். சுவிட்ச் ஆஃப்...

அணையில் மிதந்தார். பின்தலையில் அடி.

நாற்பதாயிரம் ரசிகர்கள். அடக்கத்துக்கு வந்தது பதினோரு பேர்!

அதில் ஒருவன் பழனிக்குமார். போட்டியில் இரண்டாமிடம். கல்லறைத் தோட்ட வாசலிலேயே போலீஸ் பிடித்தது.

"ஓட்டுல தோத்த கடுப்புல கொன்னியா?" இன்ஸ்பெக்டர் தாஹிரா.

"மேடம், நானே அண்ணனுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்!" அழுதான்.

தாஹிரா என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு யாரும்மா தகவல் சொன்னா?"

"சேனல்ல பாத்தேன். ஆறேகாலுக்கு."

எழுதிய பேனா நின்றது.

"மீன்காரங்க பாடியப் பாத்ததே ஏழரைக்கும்மா...!"

மாலையில் சேனல் முதலாளி அன்புமணியையும் என்னையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்தார் தாஹிரா.

"இந்த நியூஸ் உங்க சேனல்லதான் மொதல்ல வந்துச்சாமே?"

"எப்பவும் நாங்கதான் மேடம் ஃபர்ஸ்ட்!"

"பாடிக்கும் முந்தியா?"

அவன் முகம் வெளுத்தது. நாற்காலியில் சரிந்தான்.

"முந்துன நாளே வந்து, மேடையில சொல்லப் போறேன்னாரு. அணைக்கே போய்க் கெஞ்சுனேன் மேடம்... கேக்கல. சேனல் மானம் போயிருமேன்னு..."

நான் ஒன்றுதான் கேட்டேன்.

"நெசமான ஓட்டு எத்தன?"

"பத்தொம்பது, அக்கா..."

இப்போது அவன் மதுரை ஜெயிலில். புதிய வீடியோ எதுவும் வருவதில்லை. வீட்டில் பேச ஆளில்லாத மாலைகளில் அந்தச் சேனலைத் திறந்து பார்ப்பேன்.

சப்ஸ்கிரைபர்கள் அதே இரண்டு லட்சம். ஒருவர்கூடக் குறையவில்லை...

இருந்தால்தானே குறைவதற்கு!