கேமராவின் மேல் சந்தனப் பொட்டு

பாடசாலை விட்டு வந்து, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கேத்தலை அடுப்பில் ஏற்றிய கையோடு, மேசைக்கடியில் உருண்டுபோன பேனையை எடுக்கக் குனிந்தபோதுதான் யசோதினியின் புறங்கை கம்ப்யூட்டர் பெட்டியில் பட்டது. பெட்டி சூடாக இருந்தது.

காலையில் அதை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைத்திருந்தாள். இப்போதும் அது அணைந்துதான் கிடந்தது. பூனை ஏதாவது ஏறிப் படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியை ஊற்றினாள். பாதிக் கோப்பை குடித்த பிறகுதான், தன் வீட்டில் பூனையே கிடையாது என்பது ஞாபகம் வந்தது.

கடுகண்ணாவைச் சந்தியிலிருந்து ரயில் பாதை பக்கம் ஏறும் படிக்கட்டில், ஒரு பலகைக் கிடங்குக்கு மேலே இருந்த மாடி வீடு அது. சமைக்க ஒரு குசினி, கட்டிலும் மேசையும் போட்ட ஒரு அறை, அந்த அறைக்குள்ளேயே கதவு வைத்த ஒரு சின்னச் சாமான் அறை. சாமான் அறையை மோகனராஜ் தன் பொருட்களை வைத்துப் பூட்டி, சாவியைக் கையோடு கட்டாருக்குக் கொண்டுபோயிருந்தான். போய் இரண்டு வருஷமாகிறது. கம்ப்யூட்டரையும் போகுமுன் அவன்தான் வாங்கி, பொருத்தி, எல்லாம் போட்டுக் கொடுத்தான். "நான் இல்லாத நேரம் இதுதான் ஒனக்குத் தொண" என்றான். "ஆனா ஓஃப் பண்ணாத. ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாத்தான் பழுதாகும்."

புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு வருஷமும் அதை அணைக்காமலேதான் வைத்திருந்தாள். ஒன்லைனில் படிக்கிற ஆசிரியர் டிப்ளோமாவை நீ முடி, உன்னை இங்கே டீச்சராகவே கூப்பிடுகிறேன் என்று அவன் சொன்னதையும் அப்படியேதான் நம்பினாள். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து அம்மா அன்னலட்சுமி, "போன மனுசன் மொகத்தக் காட்டிப் பேசுறதே இல்லியேடி" என்று கேட்டபோதெல்லாம் கொம்பனி இன்டர்நெட்டில் வீடியோ எடுக்காது என்று அவனுக்காகச் சண்டை பிடித்தாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்தப் படிப்பின் கடைசிப் பரீட்சை. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். தவறினால் இன்னுமொரு வருஷம்.

கம்ப்யூட்டரோ ஆமையாகிவிட்டது. பட்டனை அமத்திவிட்டு அரிசி களைந்து உலை வைத்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திகனையில் அதை விற்ற கடைக்காரர், அண்ணன் முறையில் அவள் கூப்பிடும் நஸீப் நாநாவுக்குத்தான் நேற்றிலிருந்து போன் எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் இன்று பகல் முழுக்க அணைத்து வைக்கச் சொன்னவர் அவர்தான்.

"இப்ப செல்லுங்க தங்கச்சி, தொறந்துட்டா?"

"தொறந்திருச்சு நாநா. மவுஸ் அசையவே மாட்டேங்குது."

"கல்யாண ஊட்டுச் சாப்பாடு மாதிரி எல்லாத்தையும் ஒரே நேரத்துல தொறந்து வெச்சீக்கீங்க போல. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூணையும் ஒண்டா அமத்துங்க. டிஸ்க் எண்டு ஒண்டு ஈக்கும், அதுல எத்தின?"

"நூறு."

"நூறா? நீங்க வீடியோ வேல ஏதும் செய்றீங்களா?"

"பாடக் குறிப்பு அடிக்கிறேன். அவ்வளவுதான்."

நஸீப் நாநா ஒவ்வொன்றாகச் சொன்னார், அவள் செய்தாள். கம்ப்யூட்டர் எழும்பும்போது கூடவே எழும்புகிறவற்றை நிறுத்தினாள். குப்பைக் கூடையை வெறுமையாக்கினாள். டிஸ்க்கை எது அடைத்திருக்கிறது என்று பெரிய ஃபைல்களைத் தேடச் சொன்னார். பச்சைக் கோடு ஊர்ந்தது. வெளியே மழை தகரத்தில் விழுந்த சத்தமும், பெட்டிக்குள் விசிறி இழுத்த மூச்சும் ஒன்றோடொன்று கலந்து, அறைக்குள் யாரோ நித்திரை கொள்வதைப் போலக் கேட்டது.

ஒரு ஃபோல்டர் வந்தது. அதற்குள் தேதி தேதியாக நூற்றுக்கணக்கில் ஃபோல்டர்கள். முதல் தேதி, மோகனராஜ் பயணம் போன நாள்.

ஒன்றைத் திறந்தாள். கட்டில் தெரிந்தது. கட்டிலுக்கு அப்பால் சாமான் அறைக் கதவு. கட்டிலில் அவள், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு.

"தங்கச்சி? சத்தத்தக் காணல்ல."

"நாநா, இதுல நான் இருக்கேன்."

நஸீப் நாநா குரலைத் தாழ்த்தினார். "நாங்க தந்த பெட்டில அப்பிடி ஒண்டும் ஈக்கல்ல. கேமராவால எடுக்குற மாதிரி ஆரோ போட்டீக்காங்க. ஆர்ட பேர்ல ஈக்கி எண்டு பாருங்க."

பார்த்தாள். மோகனராஜின் பெயர். அதோடு ஒட்டினாற்போல் அவன் பிறந்த வருஷம்.

"இன்டர்நெட் வயரக் கழட்டுங்க. அந்தப் புரோகிராம நிப்பாட்டுங்க. நான் நாளக்கி விடிய வாறேன், ஊட்டுல ஆளோட இரிங்க" என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார். கூப்பிட்டுக்கொள்ள அவளுக்கு அங்கே யார் இருந்தார்கள்?

வயரைக் கழற்றினாள். ஆனால் நிறுத்தவில்லை. பார்த்தாள். தான் தனியே சோறு தின்பதை. காய்ச்சலில் புரண்டதை. அம்மாவிடம் போனில் அவனைப் பற்றி நல்லதாகச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்ததை. "ஏன் நேத்து சாப்பிடல?" என்று போனில் எத்தனை தரம் அவன் கேட்டிருக்கிறான். "நீல சட்டை ஒனக்கு வடிவுடி" என்று எங்கிருந்தோ சொல்லியிருக்கிறான். மனசறிந்த மனுசன் என்று பாடசாலையில் சொல்லிச் சொல்லிப் பூரித்தவள் அவள். அந்தப் பூரிப்பெல்லாம் இப்போது காறித் துப்ப வேண்டியதுபோல நாக்கில் கசந்தது.

சரஸ்வதி பூசைக்குப் பிறகு வந்த மூன்று வாரமும் திரை இருட்டாக இருந்தது. ஏன் என்று தெரிய நேரமெடுக்கவில்லை. படிக்கிற சாமான் என்று, பூசையன்று புத்தகத்துக்கு வைத்தது போலவே கம்ப்யூட்டருக்கும் திரையின் மேல் விளிம்பு நடுவில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். மிளகளவுக் கேமராக் கண் அதற்குள் மூடிப்போயிருந்தது. பூசைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாய் உதிர வேண்டும் என்று விட்டிருந்தாள். சரஸ்வதியே அவன் கண்ணைப் பொத்தியிருக்கிறாள் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கடைசி ஃபைல் இன்றைய தேதி. காலை பத்து நாற்பதில் தொடங்கிப் பகல் வரை ஓடியிருந்தது. அவள் பாடசாலையில் இருந்த நேரம்.

இருட்டு. சத்தம் மட்டும். கதிரை இழுபட்டது. யாரோ அமர்ந்தார்கள். நிதானமான மூச்சு. பிறகு, மிக அருகில், எதையோ நகத்தால் சுரண்டுகிற ஒலி.

போன் அடித்தது. மோகனராஜ்.

அவள் எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று தெரியாது. இரண்டு வருஷப் பழக்கம்.

"என்ன யசோ, கம்ப்யூட்டரு பிரச்சினையா?"

அவள் சொல்லியிருக்கவில்லை.

"நாளைக்குப் பரீட்ச. கேமரா வேணுமில்ல? அந்தச் சந்தனத்தத் தொடச்சிரு. நடுவுல குங்குமம் வேற அப்பி வச்சிருக்க."

உள்ளேயிருந்து பார்க்கும் கேமராவுக்கு இருட்டு மட்டும்தான் தெரியும். அது சந்தனம் என்று தெரியாது. குங்குமம் தெரியவே தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த அறையில், இந்த மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

"என்னங்க" என்றாள். "இப்ப எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன். ரூம்லதான்."

வெளியே, மழைக்குள், கணவாய் ஏறி வந்த பின்னேர ரயில் நீளமாகக் கூவியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

போனுக்குள்ளும் கூவியது.

அதே கூவல். அதே நீளம்.

ரயில் போய் முடிந்தது. இரண்டு இடத்திலும் ஒன்றாக முடிந்தது.

அவன் பயணம் போன காலை அவளுக்கு ஞாபகம் வந்தது. தூரப் பயணம் போகிறவனின் முதுகைப் பொண்டாட்டி பார்க்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டிருந்தாள். அவள் சுவரைப் பார்த்து, சாமிப் படத்துக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எந்தக் கதவு என்று அவள் பார்க்கவில்லை.

கை தானாக மவுஸுக்குப் போனது. நிறுத்த வேண்டும். அதையாவது நிறுத்த வேண்டும். புரோகிராமைத் திறந்தாள். திரையில் ஒரு சின்ன யன்னல் விரிந்தது. கேமரா இப்போது காண்பது.

இருட்டு. முழு இருட்டில்லை.

ஓரத்தில் ஒரு பிறை வெளிச்சம்.

நிமிர்ந்து பொட்டைப் பார்த்தாள். குங்குமம் அப்படியே இருந்தது. சந்தனத்தின் ஓரம் மட்டும் ஒரு நக அகலத்துக்கு வழிக்கப்பட்டிருந்தது. அது உதிர்ந்ததல்ல.

கதிரை. வந்து உட்கார்ந்தபோது கதிரையும் சூடாகத்தான் இருந்தது.

"யசோ." போனில்தான் கேட்டது. போனில் மட்டுமில்லை. "திரும்பிப் பாக்காத. நான் போறப்பவும் நீ பாக்கலதானே."

அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தாள்.

பிறைக்குள் அவள் தோள் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் கட்டில். கட்டிலுக்கு அப்பால் சாமான் அறைக் கதவு. இரண்டு வருஷமாகப் பூட்டியிருந்த கதவு.

ஒரு சாண் திறந்திருந்தது.

கதவின் விளிம்பைப் பிடித்திருந்தன நான்கு விரல்கள். வெயிலே படாத, வெளிறிய, நீண்ட விரல்கள். அவற்றில் ஒன்றின் நகத்துக்குள் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்திருந்தது.