கொப்பி அடித்தவள்

அன்று காலை மெல்பேர்ன் நோபல் பார்க் வீட்டுக் குசினியில் வாட்டிய பாண் கருகியதற்கும் சந்திரவதனாதான் குற்றவாளி.

"புகையைப் பார்! மனம் இஞ்சை இருந்தால்தானே! அது அங்கை கல்லூரியிலையெல்லோ கிடக்கு!" என்றபடி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் பவளம். வதனாவின் கணவன் விக்னராஜாவுக்கு அக்காள். புருஷன் போனபின் தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையையாவது கழுவி வைத்தாள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

"மச்சாள், இண்டைக்கு மட்டும் ஒண்டும் சொல்லாதேங்கோ… தலை இடிக்குது."

"இந்த வயசிலை படிச்சால் தலை இடிக்காமல் என்ன செய்யும்? அதுவும் பெத்த மகளோடை ஒரே வகுப்பு! மெல்பேர்ன் முழுக்கச் சிரிக்குது!"

வதனா கருகிய பாணைக் குப்பையில் போட்டாள். பதில் சொல்லி இந்த வீட்டில் என்ன கண்டாள்?

நடந்தது இதுதான். மகள் நிருபாவுக்குப் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய மதிப்பெண் கிடைக்கவில்லை. டேஃப் என்ற அரசாங்கத் தொழிற்கல்லூரியில் வணிக நிர்வாக டிப்ளோமா படித்து, ஒரு குறையும் இல்லாமல் தேறினால் பல்கலைக்கழகத்தில் நேரே இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்று வழி சொன்னார்கள். வதனாவுக்கு வேறு கதை. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்காக இருந்தவள், இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே மேலாளராக இருந்த மார்கரெட், "வணிக நிர்வாக டிப்ளோமாவை முடித்துவிட்டு வா, என் அலுவலகத்தில் உனக்கு ஒரு மேசை போடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த மேசையை நினைத்துத்தான் வதனா புத்தகப்பையைத் தூக்கினாள்.

இருவரும் ஒரே வகுப்பில் வந்து விழுந்தபோது நிருபா குமுறி அழுதாள்.

"அம்மா, பிளீஸ்… கிளாஸிலை என்னோடை தமிழ் கதைக்காதேங்கோ. எனக்குப் பக்கத்திலை இருக்காதேங்கோ. ஐ'ல் டை ஒஃப் ஷேம்!"

"சரி பிள்ளை," என்றாள் வதனா. பெற்றவள் ஒருத்தி தன் பிள்ளையைத் தெரியாதவள்போல் ஒரு வருடம் முழுவதும் நடித்தாள். நன்றாகவே நடித்தாள்.

இன்று அந்த நடிப்புக்கு முடிவு. அலுவலக ஒழுங்குமுறை பற்றி இருவரும் கொடுத்த அசைன்மென்ட் அநேகமாக வரிக்கு வரி ஒன்றாக இருப்பதாகவும், இருவரும் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்றும் முந்திய நாள் ஆசிரியை தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட மாத்திரத்தில் வதனாவுக்கு விளங்கிவிட்டது. அவள் எழுதி முடித்த அசைன்மென்ட் பதிந்திருந்த பிளொப்பித் தட்டு, வீட்டுக் கம்பியூட்டருக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அவள் அப்போது வேலைக்குப் போயிருந்தாள்.

பஸ்ஸில் நிருபா முதல் தடவையாகத் தாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா… யூனி இடம் போயிடும் அம்மா. அப்பா என்னைக் கொன்றுபோடுவார். நான் சும்மா பாக்கத்தான் எடுத்தனான்… பேந்து… எனக்கு நேரம் காணேல்லை அம்மா!"

வதனா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

ஆசிரியை நல்ல மனுசி. கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, மெதுவாகத்தான் பேசினாள். கொப்பி அடித்தவர் யாரோ அவருக்கு அந்தப் பாடம் இல்லை, டிப்ளோமாவும் இல்லை, பதிவிலும் ஏறும் என்றாள். "யார்?" என்று கேட்டாள்.

வதனா மகளின் முகத்தைப் பார்த்தாள். வாய் திறப்பாள்… இப்போது திறப்பாள்… நிருபா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெளிறிய முகத்தைப் பார்க்கப் பார்க்கத் தாயின் நெஞ்சு தாங்கவில்லை.

"நான்தான்," என்றாள் வதனா தன் உடைந்த ஆங்கிலத்தில். "மகளுக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் பார்த்து எழுதினேன்."

சொல்லிவிட்டாள். ஆனாலும் ஆசிரியை ஒரு கேள்வியாவது கேட்பாள் என்று அவள் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்தவள், முன்வரிசையில் இருந்தவள், எல்லா அசைன்மென்டையும் நேரத்துக்குக் கொடுத்தவள்… இவளா என்று ஒரு சந்தேகமாவது வராதா? வரவில்லை! ஆசிரியை நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். தானும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னாள். நிருபாவின் தாள்தான் முதலில் வந்ததாம், அதன் ஆங்கிலமும் சுத்தமாம். இரண்டாம் மொழியில் படிப்பது கஷ்டம், வெட்கப்பட வேண்டாம் என்று வதனாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

அந்த அனுதாபத்தை வைத்துக்கொண்டு வதனா என்ன செய்வாள்? ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டில் அனுதாபமும் இல்லை.

"பிள்ளையின்ரை எதிர்காலத்திலை மண் போடப் பாத்தனீயே!" விக்னராஜா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஏலாட்டி ஏலாதெண்டு விட்டுப்போட்டு இருந்திருக்கலாமே! களவெடுத்துப் படிச்சு எந்த ராச்சியத்தை ஆளப்போறாய்?"

"நான் அப்பவே சொன்னனான் தம்பி," என்றாள் பவளம். "உவளுக்கு ஏன் உந்த ஆசை எண்டு."

நிருபா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வதனா அந்தச் சாத்திய கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தாள்.

முதியோர் இல்லத்தில் மார்கரெட் டிப்ளோமாவின் பெறுபேற்றைக் கேட்டபோது, அங்கேயும் அதே பொய்யைச் சொல்ல வேண்டி வந்தது. மார்கரெட்டின் முகம் மாறியது. அலுவலக மேசைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். வதனா வாளியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் மறு கோடிக்குப் போனாள். அங்கே யாருமில்லை என்று தெரிந்தபின்தான் அழுதாள். ஐயோ, எத்தனை நாள் அந்த மேசையைக் கனவில் துடைத்திருப்பாள்!

வெயில் காலம் வந்தது. நிருபாவுக்குப் பல்கலைக்கழக இடமும் வந்தது. விக்னராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தான். சமைத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

வதனா கறிச்சட்டியோடு வரவேற்பறைக்கு வந்தபோது, பக்கத்து ஊரான ரோவிலிலிருந்து வந்திருந்த பத்மா அன்புடன்தான் கேட்டாள்.

"வதனாக்கா, நீங்களும் படிச்சனீங்களெல்லே… உங்கடை டிப்ளோமா முடிஞ்சுதோ?"

வதனா வாய் திறக்குமுன் விக்னராஜா முந்திக்கொண்டான்.

"இவவோ? இவ மகளைப் பாத்துக் கொப்பி அடிச்சுப் பிடிபட்டவ! உலகத்திலை பிள்ளையள்தான் தாய் தேப்பனைப் பாத்துப் பழகுறவை. எங்கடை வீட்டிலை எல்லாம் தலைகீழ்!"

எல்லோரும் சிரித்தார்கள். பவளம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வதனாவும் சிரிக்கப் பார்த்தாள்… உதடு கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

"நிப்பாட்டுங்கோ அப்பா!"

நிருபா எழுந்து நின்றாள். வீறிட்ட அந்தக் குரலில் சிரிப்பு அறுந்துபோனது.

"அம்மா கொப்பி அடிக்கேல்லை! நான்தான் அடிச்சனான்! அம்மா வேலைக்குப் போன நேரம் அவவின்ரை பிளொப்பியிலை இருந்து எடுத்து, இங்கிலிசைத் திருத்தி, என்ரை பேரைப் போட்டு முதல் ஆளாய்க் குடுத்தனான். அம்மா எனக்காகப் பொய் சொன்னவ… நான் பேசாமல் இருந்தனான்! இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான்!"

விக்னராஜாவின் முகம் செத்துப்போயிற்று.

"வதனா… எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே…"

"நீங்கள் ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

அவள் குரலை உயர்த்தவில்லை. சட்டியை மேசையில் வைத்தாள்.

"பொய் சொன்னனான். என்ரை பிள்ளைக்குச் சொன்னனான், அதுக்காக நான் அழேல்லை. ஆனால் ஒராளாவது… உவள் அப்பிடிச் செய்யமாட்டாள் எண்டு ஒராளாவது சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். டீச்சர் சொல்லேல்லை. மார்கரெட் சொல்லேல்லை. இவ்வளவு காலம் என்னோடை குடும்பம் நடத்தின நீங்கள்… நீங்களும் சொல்லேல்லை. நான் கள்ளி எண்டு நம்ப உங்கள் ஒருத்தருக்கும் ஒரு நிமிசம் எடுக்கேல்லையே!"

விக்னராஜா தலை குனிந்தான். நிருபா ஓடி வந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். வதனா அவளை இறுக அணைத்தாள். தன் கண்ணீரை அவள் இப்போது மறைக்கவில்லை.

"அம்மா, நாளைக்கே போய் டீச்சரிட்டைச் சொல்லுறன்… யூனி போனால் போகட்டும்!"

"என்ன விசர்க் கதை!" பவளம் பதறினாள். "முடிஞ்சது முடிஞ்சுபோச்சு! பிள்ளை கிடைச்சதைப் படிக்கட்டும். தாய்க்கு இனி என்னத்துக்கு டிப்ளோமா?"

எல்லோரும் வதனாவைப் பார்த்தார்கள். வேண்டாம் பிள்ளை என்று அவள் சொல்லப்போகிறாள் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். நிருபாவும் அதைத்தான் நினைத்திருப்பாள். எத்தனை வருடமாக அவள் அப்படித்தானே சொல்லியிருக்கிறாள்!

வதனா மகளின் தலையைத் தடவினாள்.

"ஓம் பிள்ளை. போய்ச் சொல்லு. நானும் கூட வாறன். ஆனால் இந்த முறை நான் வாய் திறக்கமாட்டன்."

நிருபா தாயின் தோளில் முகம் புதைத்தபடியே தலையாட்டினாள்.

"வதனா…" என்று தழுதழுத்தபடி விக்னராஜா கிட்ட வந்தான். வதனா அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மகளை அணைத்திருந்த கைகளை அவள் எடுக்கவில்லை.