தேடும் தட்டு

கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் லூர்துநாதன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பதினொரு மணி. 2014-ஆம் வருஷத்துச் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. டெலிபோன் இலாகாவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷமாயிற்று. பழைய எக்ஸ்சேஞ்சுகளையெல்லாம் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் ரிலே, சுவிட்ச் என்று எங்காவது யாராவது திருதிருவென்று முழித்தால், திண்டிவனத்தில் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். அதில் மனிதருக்குப் பெருமை உண்டு. பெருமைப்பட வேறு அதிகம் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

போனில் கூப்பிட்ட பெண் காயலான் கடை வாசலில் காத்திருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும்.

"வாங்க சார். கலைப்பிரியா. நான்தான் பேசினேன். எங்க வீட்டுக்காரரு லோடு ஏத்தப் போயிருக்காரு. கடைக்குப் பின்னாடி பழைய வீடு ஒண்ணு கீது, அங்கதான் போட்டு வச்சிருக்கோம்."

"இன்னா கோளாறும்மா?"

"கரண்டு குடுக்காமலே சத்தம் போடுது சார். ஒடைக்கச் சொன்னா ஆளுங்க கிட்ட போவ மாட்டேங்கிறாங்க. ஒரே பேஜாரு."

லூர்துநாதன் சிரித்துக்கொண்டார். கரண்ட் இல்லாமல் சத்தம் வந்தால் அது எலியாகத்தான் இருக்கும். இதற்குப் போய் பஸ் ஏறி வந்தோமே என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தார்.

ஓட்டு வீடு. ஜன்னல்களைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே நெருப்பாகக் காய்ந்த வெயில் உள்ளே ஓட்டைகள் வழியாக நூல் நூலாக இறங்கியது. துரு வாசனை, பழைய கிரீஸ் வாசனை, அதற்கு அடியில் சூடேறிய காயிலின் வாசனை. கடைசி வாசனை அவரை ஒரு நொடி நிறுத்தியது. ஓடாத மிஷினில் காயில் எப்படிச் சூடாகும்?

கலைப்பிரியா தார்ப்பாயை இழுத்தாள்.

நான்கு கால் மேஜை, சாய்வான பலகை, பலகையில் இருபத்தைந்து குழிகள். பின்பக்கம் நிமிர்ந்து நின்ற கண்ணாடியில் குடை பிடித்த வெள்ளைக்காரியின் படம். அவள் காலடியில் ஐந்துக்கு ஐந்தாக எண்கள். திருவிழாக் கடைகளில் பந்து விட்டுப் பரிசு ஜெயிக்கும் மிஷின்.

லூர்துநாதனுக்கு இந்த மிஷினைத் தெரியும்.

"புதுச்சேரியிலேர்ந்து ராஜாமணின்னு திருவிழாவுல கடை போடுற ஒரு காண்ட்ராக்டர் வாங்கியாந்ததாம் சார். அவரு போன மாசம் செத்துட்டாரு, சாமானெல்லாம் எடைக்கு வந்துடுச்சு. எறக்கும்போது எங்கம்மா பார்த்துட்டு அப்பிடியே தரையில குந்திட்டாங்க. 'இதாண்டி உங்கப்பன முழுங்கினது'ன்னாங்க."

"உங்கப்பா..."

"மாசிலாமணி. திருவெண்ணெய்நல்லூர்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தொண்ணூத்தி மூணுல திருவிழாவுல பந்து குழியில விழறதுக்கு இந்த மிஷின ஆட்டி ஏமாத்தினாருன்னு ஊரே சேந்து அடிச்சுதாம். மூணாம் நாளு மருந்தக் குடிச்சிட்டாரு. பள்ளிக்கூடத்துல எனக்கு பேரே டில்ட்டுப் பொண்ணுதான் சார். சத்தத்துக்காக மட்டும் உங்கள கூப்பிடல. நெசமாவே அவரு ஆட்டினாரா, இல்ல இதுல ஏதாச்சும் வேல பண்ணியிருக்காங்களா? அத்த மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நான் மோரு எடுத்தாறேன்."

அவள் போய்விட்டாள்.

லூர்துநாதன் பின்கதவைத் திறந்தார். உள்ளே துணி சுற்றிய பழங்காலத்து வயர்கள் கட்டுக்கட்டாக, நிறம் மங்கிக் கிடந்தன. அவற்றின் நடுவே, நேற்றுத்தான் போட்டது மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மஞ்சள் வயர். டெலிபோன் இலாகா வயர்.

அவர் போட்டது.

எத்தனை கெட்டிக்காரத்தனமான மிஷின் அது! பந்து குழியில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அடியில் ஒரு சுவிட்ச் மூடி, கண்ணாடியில் அந்த எண் எரியும். ஐந்து பந்தும் முடிந்து பொத்தானை அழுத்தினால், உள்ளே ஒரு தட்டின் மேல் பித்தளை விரல் சுற்றிவந்து, எந்த வரிசை நிரம்பியிருக்கிறது என்று ஒவ்வொரு முனையாகத் தடவிப் பார்க்கும். பழைய எக்ஸ்சேஞ்சில் யார் ரிசீவரை எடுத்தார்கள் என்று தேடுவதும் இப்படித்தான். அதனால்தான் ராஜாமணி இவரைத் தேடி வந்தார். மிஷினை யாராவது ஆட்டினால் கண்டுபிடிக்க, ஒரு வளையத்துக்குள் ஊசல் ஒன்று தொங்கும். ஊசல் வளையத்தைத் தொட்டால் போச்சு. எண்களெல்லாம் அணைந்து, சிவப்பாக 'டில்ட்' என்று எரியும்.

ஐந்தும் ஒரே வரிசையில் விழுந்தால் தையல் மிஷின் பரிசு. "அது என் கடைய விட்டுப் போவக் கூடாது சார்" என்றார் ராஜாமணி.

லூர்துநாதன் ஒரே ஒரு வயரை மாற்றினார். ஐந்து சேர்ந்ததைத் தட்டு கண்டுபிடித்ததும், கரண்ட் பரிசுக்குப் போகாமல் டில்ட்டுக்குப் போகும்படி செய்தார். ஜெயித்தவனே திருடனாகத் தெரிவான். செய்து முடித்ததும் தன் மூளையை நினைத்து அவருக்கு அன்று உள்ளூரக் குஷியாகக்கூட இருந்தது. இப்போது அந்தக் குஷியை நினைத்தால்தான் உடம்பு கூசியது.

அன்று திருவிழாவில், லூர்துநாதனின் கண் முன்னாலேயே, மாசிலாமணி இடுப்பில் மூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தினார். ஐந்தும் ஒரே வரிசை; 'டில்ட்' சிவப்பாக எரிந்தது. ஆட்டுவதற்கு அவரிடம் கையே இல்லை. கூட்டம் அவரை வளைத்துக்கொண்டபோது, அவர் லூர்துநாதனைப் பார்த்துத்தான் கெஞ்சினார்.

"நீங்களே சொல்லுங்க சார். தெறந்து பாக்குறவரு நீங்கதான்."

"மிஷின் பொய் சொல்லாதுப்பா" என்றார் லூர்துநாதன். அதற்குப் பிறகுதான் முதல் அடி விழுந்தது.

இருபத்தோரு வருஷமாக ஒவ்வொரு தவக்காலத்திலும் கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றிருக்கிறார். கோபப்பட்டேன், ஒருசந்தி நோன்பை மீறினேன் என்று சில்லறைப் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். இதை மட்டும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கட்டிங் பிளேயரை எடுத்து மஞ்சள் வயரை வெட்டி, சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

கலைப்பிரியா மோர் டம்ளருடன் நின்றாள். "பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப எங்கப்பா ஆட்டினது நெசந்தானா?"

அவர் வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது அதே வார்த்தை.

"மிஷின் பொய் சொல்லாதும்மா."

டிக்.

அவர் குனிந்து பார்த்தார். மிஷினின் மெயின் வயர் பிளக் இல்லாமல், அறுந்த வாயோடு தரையில் கிடந்தது.

டிக். டிக். கிர்ர்ர்...

"இந்தச் சத்தந்தான் சார்" என்று கிசுகிசுத்தாள் கலைப்பிரியா.

பித்தளை விரல் நகர்ந்தது. ஒவ்வொரு முனையாகத் தடவியது. குழிகளில் ஒரு பந்துகூட இல்லை. ஆனாலும் அது தேடியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று.

நிற்கவில்லை.

அவர் கழுத்துக்குப் பின்னால் ஒரு வாசனை வந்தது. வியர்வையும் பாலும் கலந்த வாசனை. சின்னப்பிள்ளையை வெகுநேரம் தூக்கி வைத்திருப்பவர்கள் மேல் வரும் வாசனை.

காதோரம் மூச்சு.

"நீங்களே சொல்லுங்க சார்."

குரலில் கோபம் துளியும் இல்லை. அன்றைக்கு இருந்த அதே மரியாதை. அடித்திருந்தால்கூட லூர்துநாதன் தாங்கியிருப்பார். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆட்டலம்மா. உங்கப்பா ஆட்டல. அவரு ஜெயிச்சாரு. வயர மாத்தினது நான். பொய் சொன்னது நான்."

சட்டைப்பையிலிருந்து வயரை எடுத்து அவள் கையில் வைத்தார்.

விரல் நின்றது.

கலைப்பிரியா வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இம்மாந்துண்டு வயரா சார்?" என்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "இத்த என்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? எங்க ஊரு சனம் நின்னு சிரிச்சுதே, அதுங்களுக்கு யாரு சொல்றது?"

"சொல்றேம்மா. ஒரு நாளு நானே நேர்ல வந்து சொல்றேன்."

ஒரு நாள். அந்த வார்த்தையில் இருந்த சவுகரியம் அவருக்கே கேட்டது. தன் டூல் பையைக்கூட எடுக்காமல், அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டுக்கு ஓடினார். வெயிலில் நின்ற முதல் பஸ்ஸில் போர்டைக்கூடப் பார்க்காமல் ஏறி, ஜன்னலோர சீட்டில் விழுந்தார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்றிருந்தது.

கண்டக்டர் வந்ததும், "திண்டிவனம் ஒண்ணு" என்று பணத்தை நீட்டினார்.

"வண்டி அந்தப் பக்கம் போவாதுங்க. உங்க கூட வந்தவருதான் உங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துட்டாரே. திருவெண்ணெய்நல்லூர் ரெண்டு." கண்டக்டர் இரண்டு டிக்கெட்டையும் அவர் கையில் திணித்தார். "ஊரே ஒண்ணு கூடி நிக்குதாமே, ஏதோ பேசப் போறீங்களாம். ஜல்தியா போவணும்னு சொல்லிக்கினு இருந்தாரு."

பஸ் கிளம்பியது. லூர்துநாதன் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து இடம் விட்டார்.