ரெண்டு ஸ்டாக்... ஒரு விலங்கு!

"ஐயோ... திருட்டு! திருட்டு!"

செகரட்டரி தர்மனின் அலறலில், பட்டு சொசைட்டி வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரர் வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டார்.

காஞ்சிபுரம். 1979.

குடோன் காலி! மெட்ராஸிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பேப்பரோ, குடோன் நிறையப் பட்டு நூல் மூட்டை இருப்பதாகச் சாதித்தது.

குடோன் சாவி ஸ்டோர்கீப்பர் ராஜவேலுவின் இடுப்பில். விலங்கு, சப்-இன்ஸ்பெக்டர் மாணிக்கவாசகத்தின் கையில்.

மூலையில் நின்றிருந்தான் குமாரவேல். அந்தக் கம்ப்யூட்டருக்கு சி என்கிற புத்தம்புது பாஷையில் புரோகிராம் எழுதிய மகானுபாவன் அவன்தான். ராஜவேலு அவனுக்கு மாமனாராகப் போகிறவர். மகள் கமலவேணிக்கும் இவனுக்கும் ஆவணியில் கல்யாணம்.

மாமனார் ஜெயிலுக்குப் போனால் கல்யாணமாவது, கத்திரிக்காயாவது!

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுய்யா!" குதித்தார் தர்மன்.

"அது சொல்லாது சார்... நான் தப்பா எழுதியிருப்பேன்! கொஞ்சம் இருங்க!"

குமாரவேல் புரோகிராம் காகிதத்தைத் தரையில் விரித்தான். இரண்டு ஃபைல். வந்த மூட்டையைக் கூட்டுவது ஒன்று. நெசவாளர்களுக்குக் கொடுத்ததைக் கழிப்பது இன்னொன்று. இரண்டின் தலையிலும் ஒரே வரி...

ஸ்டாட்டிக் இன்ட் ஸ்டாக்!

தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாபா?" என்றார் மாணிக்கவாசகம்.

"சார், ஸ்டாக்குன்னு பேரு ஒண்ணுதான். மெஷினுக்குள்ள ரெண்டு இருக்குது! ஸ்டாட்டிக்குன்னு போட்டா ஒரு ஃபைலோடத அடுத்த ஃபைல் பாக்க முடியாது. கூட்டினது ஒண்ணுல... கழிச்சது இன்னொண்ணுல! பேப்பர்ல வந்தது கூட்டினது மட்டும்!"

"எவன்யா அப்படி எழுதச் சொன்னான்?"

"வீட்டுப் பழக்கம் சார். ஒரு தறியில ஓடற நாடாவை இன்னொரு தறிக்காரன் தொட்டா எங்கப்பா கைய ஒடிப்பாரு. அதான் ஃபைலுக்கு ஃபைல் தனியா பூட்டி வச்சிட்டேன்."

"சரி, இப்ப?"

"ஒரு ஃபைல்ல ஸ்டாட்டிக்கைத் தூக்கணும். அடுத்ததுல எக்ஸ்டெர்ன்னு போடணும். 'ஸ்டாக் அங்க இருக்குது, அதையே எடுத்துக்கோ'ன்னு அர்த்தம். ரெண்டு ஃபைலுக்கும் ஒரே ஸ்டாக்!"

"சபாஷ்! மெட்ராஸுக்கு டிரங்க் கால் போடு."

ராஜவேலு பதறினார். "எதுக்குபா போனு, கீனு? நான் திருடல... கம்ப்யூட்டர்தான் தப்புன்னு தெரிஞ்சிடுச்சே! வா மாப்ள, காபி சாப்பிடலாம்."

"இருங்க மாமா, உங்க பேரு சுத்தமாவட்டும்!"

மெட்ராஸில் நண்பன் வேணுகோபால் இரண்டு வரிகளையும் மாற்றி ஓட்டினான். சொசைட்டியில் எல்லோரும் நகத்தைக் கடித்தார்கள்.

டிர்ர்ரிங்!

"குமாரு! இப்ப கரெக்டா வந்துட்டுது. பாக்கி ஸ்டாக்... ஒரு மூட்டை!"

"ஒரு மூட்டையா? ஆனா... குடோன்ல ஒண்ணுமே இல்லியே!"

எல்லாக் கண்களும் ராஜவேலு பக்கம் திரும்பின. அவர் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"முகூர்த்தப் பொடவைக்குன்னு எடுத்தேன் மாப்ள... கமலவேணிக்கு, உங்கம்மாவுக்கு, உங்கக்காவுக்கு... தறியில ஏறிடுச்சுபா!"

க்ளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது.

குமாரவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. காப்பாற்றப் போய் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டானே!

ஜீப்பில் ஏறுமுன் ராஜவேலு அவன் காதருகே குனிந்தார்.

"மாப்ள... ஒரே ஒரு மூட்டைக்கு உள்ள போனா ஊரே சிரிக்கும். அந்த ஸ்டாட்டிக்கையே திரும்பப் போட்டுடுபா... முழு குடோனையும் அடிச்சவன்னா, ஜெயில்ல ஒரு மரியாதையாவது இருக்கும்!"